அப்பா, இரட்டை உங்கள் வழியில் வந்ததாம்

என் அருமை அப்பாவுக்கு,

இந்த நேரத்தில் எழுத உட்கார்ந்ததற்கு மன்னித்துக்கொள்ளுங்கள். ராத்திரியில் விளக்கு வைத்துப் படித்தால் உங்களுக்குப் பிடிக்காது என்று தெரியும். என்ன செய்வது? பகலில் ஒன்று தூங்கினால் மற்றது விழித்துக்கொள்கிறது. இரண்டும் சேர்ந்து தூங்குவது இந்த ஒரு வேளையில்தான்.

ஆமாம் அப்பா, இரண்டு. நீங்கள் போனபோது எனக்கு நான்கு மாதம். ஆணா பெண்ணா என்று நீங்களும் அம்மாவும் பந்தயம் கட்டிக்கொண்டிருந்தீர்கள். இரண்டு பேருமே ஜெயித்துவிட்டீர்கள். பையன் அன்பழகன். பெண் வசந்தா. ஐந்து மாதம் முடிந்து ஆறாவது நடக்கிறது. அவன் குப்புற விழுந்தாகிவிட்டது. அவள் மல்லாந்து கிடந்தபடியே அவன் படும் பாட்டைப் பார்த்துச் சிரிக்கிறாள்.

இரட்டை என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை. அவன் உங்கள் நிறம், உங்கள் அகன்ற நெற்றி. அவளுக்கு என் மாமியாரின் மூக்கு, அப்படியே. வில்லியனூர்ச் சந்தையில் ஒரு கிழவி, "ஒண்ணு உன்னுது சரி, இன்னொண்ணு யாரு வூட்டுதும்மா?" என்று கேட்டாள்.

இந்தக் கடிதம் உங்களுக்குத்தான். ஆனால் உங்களுக்கு மட்டும் இல்லை. கார்பன் தாள் வைத்துப் பென்சிலை அழுத்தி எழுதுகிறேன். உங்கள் படத்துக்கு முன்னால் ஒன்று, நம் வீட்டுப் பெண்களுக்கு மூன்று. மங்கைக்கு இப்போது ஐந்து மாதம், அப்பா. உங்கள் சின்ன மகளுக்கு. அவளுக்காகத்தான் இவ்வளவும்.

முதலில் என் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

மார்கழியில், பாகூரில் நம் வீட்டில்தான் பேறு. விடிந்ததும் விடியாததுமாக அன்பழகன் பிறந்தான். அவன் கத்தியது தெருக்கோடி வரை கேட்டதாம். கொஞ்ச நேரத்தில் நஞ்சுக்கொடியும் விழுந்தது. மருத்துவச்சி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "முழுசா வந்துடுச்சி" என்று சொன்னார். கொல்லையில் புதைத்தார். வெற்றிலை வாங்கி மடித்துக்கொண்டு குளிக்கப் போய்விட்டார். அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன். நஞ்சு விழுந்தால் பேறு முடிந்தது. அவர் கையில் பிறந்த பிள்ளைகளுக்கெல்லாம் அப்படித்தான் முடிந்திருக்கிறது.

என் வயிறு மட்டும் இறங்கவில்லை. "இன்னும் வலிக்குதும்மா" என்றேன்.

"காத்துடி. ஒத்தடம் குடுத்தா போயிடும்" என்றார் அம்மா. வெந்நீரில் துணியை நனைத்துப் பிழிந்து வைத்தார். இரண்டாவது முறை வைத்தார். மூன்றாவது முறை துணியை அப்படியே கீழே போட்டுவிட்டு, "அடியே, காலு வருதுடி!" என்று கத்தினார்.

வசந்தா காலால் வந்தாள், அப்பா. ஒரு முழம்கூட இல்லை. உடம்பெல்லாம் நீலம். அழவில்லை. அம்மா அவளைக் கவிழ்த்துப் பிடித்து முதுகைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். தேய்த்தார், தேய்த்தார், அப்படித் தேய்த்தார். பூனைக்குட்டி கத்துவது போல ஒரு சத்தம் வந்த பிறகுதான் நானும் மூச்சு விட்டேன். மருத்துவச்சி ஈரத்தலையோடு ஓடி வந்தார். "இத்தினி வருஷத்துல என்னை ஏமாத்துனவ நீ ஒருத்திதாண்டி" என்று என்னைத் திட்டினார். பிறகு குழந்தையைத் திட்டினார். பிறகு உட்கார்ந்து அழுதார். அதற்கு அப்புறம்தான் கொடியை அறுத்தார்.

ஒரு பிள்ளை என்று நினைத்து இரண்டு பிறந்துவிட்டால், ஊருக்குக் காரணம் வேண்டும். கல்யாணத்துக்கு முன்னால் ஒட்டிப் பிறந்த இரட்டை வாழைப்பழம் தின்றாயா என்று தெருவில் ஒருவர் விடாமல் விசாரித்தார்கள். என் மாமியாருக்கு அந்தச் சந்தேகமே இல்லை. "எங்க மாமனாரோட அண்ணனுக்கு ரெட்டை. எங்க வம்சத்துல வர்றது" என்று வந்தவர்களுக்கெல்லாம் சொன்னார். அவரும், உங்கள் மாப்பிள்ளையைத்தான் சொல்கிறேன், ஏதோ தானே செய்து முடித்த மாதிரி மீசையைத் தடவிக்கொண்டார்.

வசந்தாவுக்கு எடை ஏறவில்லை என்று பயந்து பாண்டிச்சேரி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனேன். அங்கே லேடி டாக்டர் இரண்டு குழந்தைகளையும் பார்த்துவிட்டு, "பிறந்த வீட்டுல யாருக்காவது ரெட்டை உண்டா?" என்று கேட்டார்.

"இல்லை" என்றேன்.

"நல்லா தெரியுமா?"

"நல்லா தெரியும்."

மெட்ராஸுக்குப் போய் விலங்கியல் படித்தவள் அல்லவா, எல்லாம் தெரிந்த மாதிரிச் சொன்னேன். என் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு பிரெஞ்சு எல்லைச் சுங்கச் சாவடி வரைக்கும் வந்து என்னை நீங்கள் படிக்க அனுப்பியது இதற்குத்தானா என்று பிறகு நினைத்துக்கொண்டேன். டாக்டர் பொறுமையாகச் சொன்னார். ஒரே கரு இரண்டாகப் பிரிந்தால் ஒரே அச்சில் இரண்டு பிள்ளைகள். அது எந்த வீட்டிலும் நடக்கும். இப்படி ஆணும் பெண்ணுமாக, ஆளுக்கொரு ஜாடையில் வருவது வேறு. தாயின் உடம்பு அந்த மாதத்தில் இரண்டு முட்டையை விட்டிருக்கிறது. ஒரே நேரத்தில் குடிவந்த அண்ணன் தங்கை, அவ்வளவுதான். ஆளுக்கொரு நஞ்சு. இப்படி இரண்டு விடுகிற சுபாவம் சில குடும்பங்களில் ஓடும். பெண்ணுக்குத் தாய் வழியிலும் வரும், தகப்பன் வழியிலும் வரும்.

வீட்டுக்கு வந்து இதை என் மாமியாரிடம் சொன்னேன். பிள்ளை பெறுகிறவள் உடம்பைப் பொறுத்தது, கட்டினவனால் வருவது இல்லை என்றேன்.

"அப்போ எங்க வூட்டு ரெட்டை இன்னா, வாடகைக்கு வந்துச்சா?"

"அது அந்தப் பெரியவரோட சம்சாரம் பிறந்த வீட்டு வழி."

"நல்லதுன்னா மட்டும் உங்க வூட்டு வழி" என்று எழுந்து போய்விட்டார். இரண்டு நாள் என்னோடு பேச்சு இல்லை. பேரன் பேத்தியோடு மட்டும் பேசினார்.

இதற்கிடையில் மங்கை உண்டாகியிருக்கும் செய்தி வந்தது. எனக்கு நடந்தது அவளுக்கும் நடந்தால்? அரியாங்குப்பம் போய், பேற்றை ஆஸ்பத்திரியில் வைத்துக்கொள்ளலாம் என்று அவள் மாமியாரிடம் கேட்டேன். "எனக்கு எட்டும் வூட்டுலதான் பொறந்துச்சி. ஆசுபத்திரிக்குப் போக அவளுக்கு இன்னா சீக்கா? ஊரு கேட்டா இன்னான்னு சொல்றது?" என்றார். எனக்குப் பதில் இல்லை. அக்காவுக்கு இரட்டை பிறந்தது என்பதை அவர் ஒரு காரணமாகவே எடுத்துக்கொள்ளவில்லை. "அது நீ தின்ன பழம்" என்றார்.

பதில் நெட்டப்பாக்கத்தில் இருந்தது, அப்பா.

அம்மாவின் பென்ஷனுக்கு உங்கள் பிறப்புப் பதிவின் நகல் கேட்டார்கள். நீங்கள் பிறந்தது உங்கள் அம்மாவின் ஊரான ஏம்பலத்தில். அதனால் பதிவு நெட்டப்பாக்கம் மேரியில் இருக்கும் என்றார்கள். போன வாரம் நானும் அம்மாவும் போனோம். வெள்ளைக்காரன் போய்விட்டான்; நகராட்சி ஆபீசை ஊர் இன்னும் பிரெஞ்சில் மேரி என்றுதான் சொல்கிறது, பதிவேடும் அவன் எழுதியதுதான். குமாஸ்தா பிரெஞ்சில் முணுமுணுத்துக்கொண்டே விரலை ஓட்டினார். விரல் நின்றது.

"எந்தப் புள்ள வேணும்மா? இங்க ரெண்டு கீது."

"ரெண்டா?"

"அதே தேதி. அதே அப்பன், அதே ஆத்தா. விடியக்காலைல அஞ்சு மணிக்கு ஒரு பொண்ணு. ஆறு மணிக்கு ஒரு புள்ள."

அம்மா பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். "பொண்ணு பேரு இன்னாங்க?"

"தனலட்சுமி."

தனம் அத்தை! உங்களுக்கு ஒரு வயது இளையவர் என்று நாங்கள் நம்பிய உங்கள் தங்கை.

அம்மா சிரித்தாரா அழுதாரா என்று எனக்கு இன்னும் சொல்லத் தெரியவில்லை. "முப்பது வருஷம் குடுத்தனம் பண்ணியிருக்கேன். சட்டையில பித்தான் அறுந்தாக்கூட எங்கிட்ட வந்து சொல்ற மனுசன். இத்தச் சொல்லலியே" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு, "அக்காளைப் போயி ஏ குட்டி, ஏ குட்டின்னு கூப்பிட்டுக்கினு இருந்தாரு பாருடி!" என்றார். குமாஸ்தாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

எனக்கு வரவில்லை. நீங்கள் மேஸ்திரியாக நின்று கப்பி போட்ட ரோட்டில்தான் நடந்து வந்தோம். நடக்க நடக்கக் கோபம் ஏறியது. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பேன் இல்லையா? வசந்தா நீலமாகப் பிறந்திருக்க வேண்டாம் இல்லையா? பத்து மாதமாக உங்களை நினைத்து அழுதவள், அன்றைக்கு உங்கள் படத்துக்குப் பூ வைக்கவில்லை.

மறுநாள் நானும் அம்மாவும் ஆளுக்கொரு குழந்தையைத் தூக்கிக்கொண்டு அபிஷேகப்பாக்கம் போனோம். களத்தில் மல்லாட்டைச் செடியைக் குவித்துப்போட்டு அத்தையும், அவர் கடைசிப் பெண் சரோஜாவும் கடலைக்காய் ஆய்ந்துகொண்டிருந்தார்கள்.

"இன்னாடி, பச்சப் புள்ளைங்களைத் தூக்கிக்கினு இந்த வெயில்ல?" என்றார் அத்தை.

"அத்தே, நீங்க அப்பாவுக்கு அக்காவாமே?"

கையில் இருந்த செடி கையிலேயே நின்றது. "எவன் சொன்னான்?"

"மேரியில எழுதியிருக்கு."

"எழுதி வச்சிட்டானா, பாழாப்போனவன்" என்று செடியை வீசினார். பிறகு வசந்தாவை வாங்கி மடியில் போட்டுக்கொண்டு, அவளிடம் சொல்வது போலச் சொன்னார்.

"எங்க அம்மாவுக்குத் தங்கச்சி ஒருத்தி. ரெட்டை வவுத்துல இருக்கச்சொல்லவே செத்துப்போனா. அதுக்கப்புறம் நாங்க ரெண்டு பேரு. ரெட்டையில பொறந்தவளுக்கு ரெட்டைதான் பொறக்கும், கட்டிக்கினு போனா பொணமாத்தான் வருவான்னு பேசுவாங்க. எவன் வருவான் என்னைக் கட்ட? அதான் என்னை மாமன் வூட்டுலயே ரெண்டு வருஷம் வுட்டுட்டு, அடுத்த வருஷம் பொறந்தவன்னு சொல்லிக் கூட்டியாந்தாங்க."

"உங்களுக்கு ரெட்டை பொறந்துச்சா அத்தே?"

"ஏன் பொறக்கல? எம் பெரிய பொண்ணு ராஜத்தோட இன்னொண்ணு வந்துச்சி. ஆம்பளப் புள்ள. வாயே தொறக்கல. ஒண்ணுதான்னு சொல்லிட்டோம். உங்கப்பனுக்குத் தெரியும். அவன்தான் துணியில சுத்தி எடுத்துக்கினு போனான்."

சரோஜாவுக்கே அது புதுச் செய்தி. அவளும் ஆய்வதை நிறுத்திவிட்டாள்.

அடுத்து அத்தை சொன்னதைத்தான் உங்களிடம் சொல்ல வேண்டும், அப்பா. "உனக்கு நாலு மாசம் இருக்கச்சொல்ல உங்கப்பன் இங்க வந்தான். ஏ குட்டி, கமலாகிட்ட சொல்லிடறேன்னான். இந்த சரோஜாவுக்கு மாப்பிள்ளை பாக்க ஆரம்பிச்ச நேரம். ஏழாம் மாசம் சொல்லிக்கலாம், இன்னா அவசரம்னு நாந்தாண்டி தடுத்தேன். எங்கிட்ட சத்தியம் பண்ணவன். நான் வேணாம்னா சொல்லமாட்டான். சரின்னு மோரைக் குடிச்சிட்டுப் போனான். அடுத்த வாரம் சேதி வந்துடுச்சி."

நீங்கள் கேட்கப் போயிருக்கிறீர்கள். அந்த வெயிலில், சைக்கிளை மிதித்துக்கொண்டு, எனக்காகக் கேட்கப் போயிருக்கிறீர்கள். பூ வைக்காமல் விட்டதற்கு என்னை என்ன செய்யலாம் என்று நீங்களே சொல்லுங்கள்.

"அத்தே, மங்கைக்கு அஞ்சு மாசம்" என்றேன்.

அத்தை அம்மாவைப் பார்த்தார். அம்மா தரையைப் பார்த்தார். அடுத்த மாதம் சரோஜாவைப் பார்க்க ஒரு வீட்டார் வருகிறார்கள். அது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

சரோஜாதான் வாயைத் திறந்தாள். "வர்றவன்கிட்ட நானே சொல்றேம்மா. ஒரு வலிக்கு ரெண்டு புள்ள. இஷ்டம்னா கட்டிக்க, இல்லன்னா பஜ்ஜியைத் தின்னுட்டு எழுந்து போ."

"வாய மூடுடி."

"மூடி மூடித்தானே எனக்கு ஒரு அண்ணன் இல்லாம போனான்?"

அத்தை அவளை அடிப்பார் என்றுதான் நினைத்தேன். அடிக்கவில்லை. வசந்தாவின் காலைப் பிடித்து ஒவ்வொரு விரலாக நீவிக்கொண்டிருந்தார். "எழுதுடி" என்றார் கடைசியில். "எனக்கு எழுத வராது, உனக்கு வரும். எல்லாருக்கும் எழுது. உங்கப்பன் பேருக்கே எழுது. அவன் சொல்ல வந்ததுதானே?"

அதனால்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நகர்ந்து உட்காருங்கள் அப்பா, இப்போது அவர்களிடம் பேச வேண்டும்.

மங்கை, ராஜம் அக்கா, சரோஜா, கேளுங்கள். நம்மில் யாருக்கு வேண்டுமானாலும் இரட்டை வரலாம். வந்தே தீரும் என்று இல்லை. அத்தைக்கு மற்ற பேறுகளெல்லாம் ஒன்றொன்றுதான். பழத்தால் வருவது இல்லை; பாவத்தால் வருவதும் இல்லை. அத்தைக்கும் அப்பாவுக்கும் அவர்கள் அம்மாவிடமிருந்து வந்திருக்கிறது. அப்பா ஆண் என்பதால் அது அவரிடம் வெளியே தெரியவில்லை. அம்மாவுக்கு நாங்கள் ஒவ்வொருவராகத்தான் பிறந்தோம். அப்பாவிடம் இருந்ததாலேயே அம்மாவுக்கு இரட்டை வராது. ஆனால் எனக்குக் கொடுத்திருக்கிறார். மங்கைக்கும் கொடுத்திருக்கலாம். இது வியாதி இல்லை. தெரிந்துகொண்டால் பயமும் பாதிதான். வயிற்றைத் தொட்டுப் பார்க்கிற டாக்டரிடம் முதல் பேச்சாக இதைச் சொல்லுங்கள். வீட்டில் பேறு பார்க்கிறவர் யாராக இருந்தாலும், வலி எடுக்கும் முன்பே சொல்லுங்கள். ஊர் பேசியதில் பாதி சரி. இரட்டை குடும்பத்தில் ஓடுகிறது. மரணம் அப்படி ஓடவில்லை. அது வந்தது யாருக்கும் தெரியாமல் வைத்ததால்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

அப்பா, இனி உங்களுக்கு. அத்தை நேற்று யாரையும் துணைக்குக் கூப்பிடாமல் அரியாங்குப்பம் போயிருக்கிறார். மங்கையின் மாமியாரை எதிரில் உட்காரவைத்து எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார், துணியில் சுற்றிக் கொண்டுபோனது வரைக்கும். அந்த அம்மாள், "கல்யாணத்துக்கு முன்னாடியே சொல்லியிருக்கலாமே" என்று மட்டும் கேட்டிருக்கிறார். "சொல்லியிருந்தா எடுத்திருப்பியா?" என்று அத்தை கேட்டாராம். அதற்கு அவர் எழுந்து போய்க் காப்பி போட்டுக் கொடுத்திருக்கிறார். மகனைக் கேட்டுச் சொல்கிறேன் என்றிருக்கிறார். முடியாது என்று சொல்லவில்லை. எனக்கு இப்போதைக்கு அது போதும்.

மற்றபடி நாங்கள் நன்றாக இருக்கிறோம். நிஜமாகவே நன்றாக இருக்கிறோம். அம்மா சாப்பிடுகிறார். வசந்தாவின் தொடையில் ஒரு மடிப்பு விழுந்திருக்கிறது. என் மாமியார் அதைத் தினம் நாலு பேருக்குக் காட்டுகிறார். என் வீட்டு வழி என்று நான் நிரூபித்துவிட்டதில் அவருக்கு வருத்தம்தான். ஆனால் அன்பழகனுக்கு ஒரு பெண் பிறந்தால் அவளுக்கும் வரலாம் என்று சொல்லிவைத்தேன். "பாத்தியா, எங்க வம்சத்துல இனிமே உண்டு" என்று சந்தோஷப்பட்டுக்கொண்டார்.

உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன். வசந்தா பெரியவளானதும் இதை நானே அவளிடம் சொல்வேன். அவளைப் பார்க்க வருகிறவர்களுக்கும், தாம்பூலம் மாற்றும் முன்பே சொல்வேன். யாரிடமும் சத்தியம் வாங்க மாட்டேன். நான் செய்து கொடுக்கவும் மாட்டேன். எழுந்து போகிறவர்கள் போகட்டும்.

மங்கை, உன் வீட்டில் என்ன முடிவு செய்தார்கள்? லேடி டாக்டரிடம் என்றைக்குப் போகலாம்? நாள் சொன்னால் நான் வில்லியனூரிலிருந்து காலை பஸ்ஸிலேயே வந்துவிடுவேன். இது கைக்குக் கிடைத்த அன்றைக்கே ஒரு கார்டு வாங்கி நாலு வரி எழுதிப் போடு. தயவு செய்து சீக்கிரம் பதில் போடு.

உங்கள் மூத்த மகள்,
தனம் அத்தையின் தம்பி மகள்,
கமலா